படத்தில் இருப்பது நந்தியாவட்டை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் நந்தியாவட்டை வளர்ப்புப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. எழுதியிருந்தது நந்தியாவட்டையைப் பற்றி. மேலே அச்சாகியிருந்த படமோ கார்டினியா. படம் மாறிப்போனது மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் செடியின் அடியில் மாதந்தோறும் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல் போடும்படியும், பூவை ஊறவைத்த நீரால் கண்ணைக் கழுவலாம் என்றும் அதே குறிப்புச் சொல்கிறது. முதல் யோசனை நந்தியாவட்டைக்குப் பெரிய கெடுதல் செய்யாது. படத்தில் உள்ள செடியையோ அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துவிடும். இரண்டாவது யோசனை எந்தச் செடியின் பூவானாலும் ஆபத்தானது. படத்தைப் பார்த்துத்தான் பலரும் கன்று வாங்குகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொழும்பில் இந்த மயக்கம் புதிதல்ல. பத்தரமுல்லை, தலவத்துகொடை, பன்னிப்பிட்டிப் பக்கத்துப் பூங்கன்றுக் கடைகளில் அடுக்கு நந்தியாவட்டையும் கார்டினியாவும் ஒரே நிழல்வலையின் கீழ், ஒரே மாதிரிக் கறுப்புப் பொலித்தீன் பைகளில் அருகருகே நிற்கும். இரண்டும் பற்றையாக வளர்பவை. இரண்டுக்கும் கரும்பச்சை மினுக்கிலை, வெள்ளைப் பூ, இரவில் கூடும் மணம். போதாததற்கு ஆங்கிலத்தில் நந்தியாவட்டையைக் கிரேப் ஜஸ்மின் என்றும் கார்டினியாவைக் கேப் ஜஸ்மின் என்றும் சொல்கிறார்கள். வாயால் சொல்லிக் கேட்டு அட்டையில் எழுதும்போது ஒன்று மற்றதாகிவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டில் எதுவுமே மல்லிகை இனம் அன்று. மல்லிகைப் பூவில் கேசரம், அதாவது மகரந்தம் தாங்கும் இழை, இரண்டே இரண்டு. அது ஒலிவ மரத்தின் குடும்பம். நந்தியாவட்டையில் ஐந்து கேசரம். கார்டினியாவின் அடுக்கில்லாத ஒற்றைப் பூவில் இதழ் எத்தனையோ கேசரமும் அத்தனை, பெரும்பாலும் ஆறு.

கடையில் செடியைக் கையில் எடுத்தவர்கள் பூவைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. அடுக்கு வகைகளில் கேசரங்களே இதழ்களாக மாறிவிடுவதால் இதழை எண்ணிப் பயனில்லை. முதலில் பாலைப் பாருங்கள். நுனித் தளிரில் ஓர் இலையைக் காம்போடு கிள்ளினால் நந்தியாவட்டையில் அந்தக் கணமே வெள்ளைப் பால் துளிர்க்கும். கார்டினியாவில் நிறமில்லாத ஈரம் மட்டுமே தெரியும். முற்றிய இலையிலும் நீர் காணாமல் வாடிய செடியிலும் பால் மிகக் குறைவு. எனவே நன்றாக நீர் ஊற்றிய செடியின் இளந்தண்டில்தான் இதைச் சோதிக்க வேண்டும். பால் வருகிறது என்பதற்காக எந்தச் செடியையும் நந்தியாவட்டையின் குடும்பத்தில் சேர்த்துவிட முடியாது. ஆல், பலா, பப்பாசி எல்லாவற்றிலும் பால் உண்டு, அவை வேறு குடும்பங்கள். இந்த இரண்டில் எது என்று கேட்கும்போது மட்டும் பால் நல்ல விடை தரும். பால் பட்ட விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்வரை கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

பாலைவிட உறுதியான அடையாளம் கணுவில் இருக்கிறது. கார்டினியாவின் இலைகள் எதிரெதிராக, சில கணுக்களில் மும்மூன்றாக வரும். இலைக்காம்புகள் தண்டைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு குழாய்போல நிற்பதைக் காணலாம். இளந்தளிரில் அது வெளிர்பச்சையாய் நுனி மொட்டையே மூடியிருக்கும். தளிர் நீளும்போது ஒரு பக்கம் கிழிந்து, பின்னர் பழுப்பாகிக் காய்ந்துபோகும். இலையடிச்செதில்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் அந்தக் குழாய் உண்டாகிறது. வெறுங்கண்ணுக்கே தெரியும், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை இருந்தால் இன்னும் தெளிவு. இதே உறுப்பை வேறு வடிவில் காண வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் இக்சோராவைப் பாருங்கள்: இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே முள்போல நுனி கூர்ந்த ஒரு முக்கோணச் செதில் இருக்கும். கோப்பிச் செடியிலும் உண்டு.

நந்தியாவட்டையில் இந்தச் செதில் இல்லை. இரண்டு காம்புகளின் அடியும் சேரும் இடத்தில் ஒரு சிறு விளிம்பு மாத்திரம் தெரியும். அதைச் செதில் என்று எண்ணி மயங்குகிறவர்கள் உண்டு. விளிம்பு காம்பின் அடியோடு ஒட்டியே நிற்கும், மேலே எழுந்து மொட்டை மூடாது. ஒரு கணுவில் உள்ள இரண்டு இலைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நந்தியாவட்டையில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது வழக்கம். கிளை கவர்கவராகப் பிரிந்து போகும். பூங்கொத்து அந்தக் கவர்களில் வரும். கார்டினியாவில் பூ கிளை நுனியில் தனித்து நிற்கும்.

பூத்த செடியாக இருந்தால் பூவைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். கார்டினியாவில் இதழ்க் குழலுக்குக் கீழே வரிவரியாக விளிம்பு எழுந்த பச்சை வீக்கம் ஒன்று இருக்கும், அதன் உச்சியில் நீண்டு ஒடுங்கிய புல்லிகள். அந்த வீக்கம்தான் சூலகம். பூவின் மற்ற உறுப்புகள் எல்லாம் அதற்கு மேலே அமைந்திருக்கின்றன. காயாகும்போதும் வரிகளும் உச்சிப் புல்லிகளும் அப்படியே இருக்கும், பழுத்தால் செம்மஞ்சள். சீனாவிலும் யப்பானிலும் இந்தப் பழத்திலிருந்து உணவுக்கு மஞ்சள் சாயம் எடுப்பார்கள். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசின் என்ற பொருளே இதிலும் இருக்கிறது.

நந்தியாவட்டையில் பூவுக்குக் கீழே வீக்கம் எதுவும் இல்லை. குழலை மெதுவாக இழுத்தால் முழுப் பூவும் ஒரே துண்டாகக் கையோடு வரும். செடியில் எஞ்சும் சிறு புல்லிக் கிண்ணத்துக்குள் ஊசிமுனை அளவில் இரண்டு பச்சைச் சூலகங்கள் தனித்தனியாக நிற்கும். காய் பிடித்தால் இரண்டும் இரு பக்கமாக வளைந்த சோடிக் காய்களாகும், வெடித்தால் உள்ளே சிவந்த சதை சுற்றிய விதைகள். தோட்டங்களில் நந்தியாவட்டை காய்ப்பது அரிது. ஆனால் காலையில் செடிக்கடியில் பூக்கள் குழலோடு முழுதாக உதிர்ந்து கிடப்பதை எவரும் காணலாம். கார்டினியாப் பூ செடியிலேயே வெள்ளையிலிருந்து பாலேட்டு நிறமாகி, மஞ்சளாகி, பிறகுதான் வாடும். விரல் பட்ட இதழ் ஒரு மணி நேரத்துக்குள் பழுப்புத் தட்டிவிடும். அதனால்தான் செட்டியார் தெருவில் மாலை கட்டுபவர்கள் கையில் கார்டினியாவைக் காண்பதில்லை, நந்தியாவட்டை சரமாகிக் கோயிலுக்குப் போகிறது.

இப்போது வகைப்பாட்டுக்கு வருகிறேன். நந்தியாவட்டை அப்போசைனேசியே குடும்பம். தாவரப் பெயர் டபர்னேமொன்டானா டிவரிகேட்டா. கார்டினியா ரூபியேசியே குடும்பம். பெயர் கார்டினியா ஜஸ்மினொய்டெஸ். இரண்டு குடும்பங்களையும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ 1789 இல் முறையாக வரையறுத்தார். முதற் குடும்பத்தில் அலரி, பட்டிப்பூ, சிங்களத்தில் அரலிய எனப்படும் கோயில் மரம், எருக்கு ஆகியவை அடங்கும். இரண்டாவதில் இக்சோரா, முசெண்டா, சிங்கோனா, மலையகத்தில் தேயிலைக்கு முன் பயிரான கோப்பி. குடும்பம் வேறானாலும் இரண்டும் ஜென்சியனேலிஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. எதிரெதிர் இலை, ஒன்றாய் இணைந்த இதழ்க் குழல், மொட்டில் முறுக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் இதழ் நுனிகள் என்று இவை ஒத்திருப்பதற்கு அந்தத் தூரத்து உறவும் ஒரு காரணம். மல்லிகைக்கு அந்த உறவுகூட இல்லை.

நந்தியாவட்டையின் பெயர் பலமுறை மாறியிருப்பதால் பழைய நூல்களைப் பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். 1753 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை அலரியின் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்து நேரியம் டிவரிகேட்டம் என்றார். 1819 இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ரொபர்ட் பிரவுனின் கருத்தைப் பின்பற்றி டபர்னேமொன்டானாவுக்கு மாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய இனங்களைத் தனியே பிரித்து ஏர்வட்டாமியா என்ற பேரினத்தில் வைத்தார்கள். மலபார்த் தாவரங்களைப் பதிவுசெய்த பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் நூலில் ‘நந்தி ஏர்வட்டம்’ என்று எழுதப்பட்டிருந்த நம் பக்கத்துப் பெயரே அந்த இலத்தீன் பெயராயிற்று. 1991 இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் லேவன்பெர்க் தம் ஆய்வில் ஏர்வட்டாமியாவை மீண்டும் டபர்னேமொன்டானாவுக்குள் சேர்த்தார். சித்த, ஆயுர்வேத நூல்கள் பலவற்றில் ஏர்வட்டாமியா கொரோனேரியா என்ற பழைய பெயரே இன்னும் நிற்கிறது. அது வேறு செடி அன்று. டிவரிகேட்டா என்ற இனப்பெயர் 1753 க்கு உரியது, கொரோனேரியா அதற்குப் பிந்தியது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி.

எருக்கின் கதையும் இதே போன்றது. 1810 அளவில் ரொபர்ட் பிரவுன் அதைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். நம் பாடநூல்கள் பலவற்றில் அஸ்கிளெப்பியடேசியே என்று படித்திருப்போம். மரபணு ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு 1998 இல் வெளிவந்த வகைப்பாடு அதைத் திரும்பவும் அப்போசைனேசியேயில் சேர்த்துவிட்டது. பால், சோடிக் காய் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு செடியைக் கையில் பிடித்தவர்களுக்கு வியப்பாக இராது.

கார்டினியா ஐரோப்பாவுக்குப் போன வழியில் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனை இருந்தது. அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட செடி என்பதால் முனைக்கு (ஆங்கிலத்தில் கேப்) உரிய மல்லிகை என்று எண்ணினார்கள். உண்மையில் அது தென்சீனா, யப்பான், வியட்நாம் பகுதிகளின் செடி. 1761 இல் பிரித்தானிய இயற்கை ஆய்வாளர் ஜோன் எல்லிஸ் இது மல்லிகை அன்று எனக் காட்டி, அமெரிக்காவில் சார்ள்ஸ்டனில் வைத்தியராக இருந்த அலெக்சாண்டர் கார்டனின் பெயரைச் சூட்டினார். ஜஸ்மினொய்டெஸ் என்றால் மல்லிகை போன்றது என்பதே பொருள்.

குடும்பம் வேறு என்பதைப் புழுக்களும் காட்டித்தரும். நந்தியாவட்டையில் ஒரே இரவில் நுனியிலைகள் மொட்டையாகிப் போனால் இலைக்கடியில் தேடிப் பாருங்கள். விரல் பருமனில் வழுவழுப்பான பச்சைப் புழு இருக்கும். தலைக்குச் சற்றுப் பின்னே நீலமும் வெள்ளையும் கலந்த இரண்டு கண்புள்ளிகள், வால் நுனியில் ஒரு கொம்பு. டப்னிஸ் நேரியை என்ற பெரிய அந்துப்பூச்சியின் புழு அது. அலரி, பட்டிப்பூ, நந்தியாவட்டை என்று பெரும்பாலும் அந்தக் குடும்பத்தையே சுற்றி வரும். கார்டினியாவில் இலை தின்னும் கொம்புப் புழு வேறு. அது செஃபனோடெஸ் ஹைலாஸின் புழு. கோப்பி முதலான ரூபியேசியேச் செடிகளைத் தின்னும். இறக்கை கண்ணாடிபோல ஊடுதெரிய, பகலிலேயே வண்டு போலப் பூப்பூவாய்ப் பறப்பது அதன் தாய் அந்து. இரண்டுக்கும் மருந்தடிக்க வேண்டியதில்லை, கையால் எடுத்தாலே போதும்.

வளர்ப்பு முறையில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. நந்தியாவட்டை நம் தாழ்நில வெப்பத்துக்கு ஏற்ற செடி. முழு வெயிலும் தாங்கும், அரை நிழலும் தாங்கும்; வெயில் கூடினால் பூ கூடும். நீர் தேங்காத எந்த மண்ணிலும் பிடிக்கும். வீடு கட்டிய சீமெந்துச் சிதைவு கலந்த முற்றத்திலும் சமாளித்துக்கொள்ளும். புதுத் துளிரில் பூப்பதால் எப்போது வெட்டினாலும் அடுத்த துளிரில் பூ வரும். கிளையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் அடர்ந்து நிற்கும். வேலியாகவும் விடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை அடியில் ஒரு கூடை கூட்டெரு போட்டால் வேறு பசளை வேண்டியதில்லை.

புதுக் கன்றுக்கு 15 சென்ரிமீற்றர் நீளமான, பென்சில் பருமனுள்ள தண்டுத்துண்டு போதும். வெட்டிய நுனியைப் பால் நிற்கும்வரை, சுமார் 20 நிமிடம், நீரில் வைத்திருங்கள். வடிந்த பால் உறைந்து வெட்டுவாயை அடைத்தால் நீர் ஏறாது, அழுகலும் வரும். அடியிலைகளை நீக்கி, இரண்டு கணு புதையும்படி மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும்.

கார்டினியா அப்படியல்ல. அதற்குப் புளிப்பு மண் வேண்டும், மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். பெறுமானம் (எண் கூடினால் புளிப்பு குறைவு) 5 க்கும் 6 க்கும் இடையில் இருப்பது நல்லது. பெறுமானம் 7 ஐ நெருங்கும்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாத வடிவத்துக்குப் போய்விடும். பச்சையம் உண்டாக இரும்பு தேவை. முதிர்ந்த இலையில் உள்ள இரும்பைச் செடி இளம் இலைக்கு மாற்றிக்கொள்ளாது. ஆகவே நோய் நுனியில்தான் தொடங்கும்: இளம் இலை முழுதும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடுப்புச் சாம்பல் என்பது கல்சியம், பொற்றாசியம் காபனேற்றுகள் நிறைந்த காரம். சாடியில் மாதாமாதம் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு பூசிய மதிலோரம், சீமெந்துத் தொட்டி, கட்டடச் சிதைவால் நிரப்பிய முற்றம், சிப்பித்துண்டு கலந்த கடல்மணல் எல்லாம் இதையே மெதுவாகச் செய்யும். கொழும்பின் உட்பக்கத்துச் செம்மண் இயல்பிலேயே புளிப்பானது, அங்கே நிலத்தில் நடலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைக் கடற்கரைப் பக்கம் சாடியே உத்தமம்.

30 சென்ரிமீற்றர் வாயுள்ள மண்சாடி எடுத்து, நன்கு அலசிய தும்புத்தூள் இரண்டு பங்கு, உக்கிய இலைக்கூட்டெரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பரும்படியான ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். காலை வெயில் பத்து, பதினொரு மணிவரை படட்டும், பின்னேர வெயில் வேண்டாம். மேல்மண்ணில் விரல் நுழைத்து இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் உலர்ந்திருந்தால் நீர் ஊற்றுங்கள். தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். தென்மேல் பருவ மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுங்கள். 5 லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி அமோனியம் சல்பேற்று கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம், அது மண்ணையும் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கும். கூட்டினால் இலை மட்டும் வரும், மொட்டு வராது. தேயிலைச் சண்டும் கோப்பிச் சண்டும் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அவை உக்கினால் மண்ணுக்கு நல்லது, ஆனால் கெட்டுப்போன பீ.எச். பெறுமானத்தை அவற்றால் திருத்த முடியாது. வினாகிரி ஊற்றுவது ஓரிரு நாளுக்குத்தான் நிற்கும், வேரையும் சுடும்.

மொட்டு உதிர்வதுதான் கார்டினியா வளர்ப்போரின் பெரிய கவலை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நனைய ஊற்றுவது, மொட்டுக் கட்டிய சாடியை இடம் மாற்றுவது, வேர் நீரில் நிற்பது, மொட்டுக்குள் பேன் பூச்சி புகுவது எல்லாம் காரணங்கள். இவற்றைத் திருத்தலாம். திருத்த முடியாத காரணம் ஒன்று இருக்கிறது: இரவு வெப்பநிலை 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போதுதான் இந்தச் செடிக்கு மொட்டு நன்றாகப் பிடிக்கும். கொழும்பில் இரவு அப்படிக் குளிர்வதில்லை. குளிரான மலையகத்துப் பண்டாரவளையில் மொட்டு நிறையக் கட்டும் செடி இங்கே வந்ததும் ஓய்ந்துபோவது அதனால்தான். மார்கழி, தை மாதங்களில் இங்கே கொஞ்சம் குளிரும். அந்த நாட்களுக்கு முன்பே செடி நலமாக இருந்தால் சில பூக்களாவது கிடைக்கும். வருடம் முழுவதும் வெள்ளைப் பூ வேண்டும், பூசைக்கு வேண்டும் என்பவர்களுக்கு நான் நந்தியாவட்டையைத்தான் சொல்வேன்.

கார்டினியாவை வெட்டுவதானால் பூத்து முடிந்தவுடனே வெட்டிவிட வேண்டும். பிந்தினால் அடுத்த பருவத்து மொட்டைத்தான் வெட்டுகிறோம். தண்டுத்துண்டு 10 முதல் 12 சென்ரிமீற்றர், பூவில்லாத அரைமுற்றல் நுனியாக இருக்கட்டும். இலைகளைப் பாதியாகக் குறைத்து, வேரூக்கித் தூளில் தொட்டு நட்டு, அடி வெட்டிய தெளிந்த தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து மூடுங்கள். ஈரப்பதம் குறைந்தால் வேர் பிடிக்குமுன் இலை வாடிவிடும். 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். அவசரமில்லாதவர்களுக்குக் காற்றுப்பதி, அதாவது கிளையை வெட்டாமல் செடியிலேயே ஈரக் கட்டுக் கட்டி வேர்விடச் செய்வது, இன்னும் நம்பகமானது.

இலை மினுமினுப்பாய்ப் பிசுபிசுத்து, பிறகு கரிபூசியதுபோல் கறுத்தால் நோயை இலையில் தேடாமல் இலைக்கடியில் தேடுங்கள். வெள்ளை ஈ, செதிற்பூச்சி, பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் பூச்சி ஆகியவை கழிக்கும் தேன்போன்ற இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூஞ்சணம் வளர்கிறது. ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய விசிறுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் விசிறுங்கள். இது இரண்டு செடிகளுக்கும் பொருந்தும். மணற்பாங்கான நிலத்தில் கார்டினியா காரணமின்றிக் குன்றினால் வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சுப் புழு. அந்த மண்ணை விட்டுவிட வேண்டியதுதான்.

கண் விடயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணோய்க்குப் பயன்படுத்துவது நம் வைத்திய மரபில் உண்டு. பயிற்சி பெற்ற வைத்தியர் தயாரிப்பது வேறு, வீட்டில் பூவை ஊறவைத்து விடுவது வேறு. இந்தச் செடியில் கொரோனாரிடீன் முதலான வீரியமுள்ள அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. காம்பில் ஒட்டிய பால் கண்ணில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். இரவு முழுவதும் ஊறிய நீரில் கிருமியும் பெருகும். பால் தெறித்தால் ஓடும் குழாய் நீரில் 15 நிமிடமாவது கழுவி, உடனே கண் வைத்தியரிடம் போக வேண்டும். கார்டினியாவுக்கு இந்த மரபு கிடையாது. படத்தைப் பார்த்து அந்தப் பூவை ஊறவைப்பவர் எந்த மருத்துவ மரபையும் பின்பற்றவில்லை. மேல்மாகாணத்து ஈரநிலங்களில் நந்தியாவட்டையின் நெருங்கிய உறவான திவி கதுரு மரமும் வளர்கிறது. அதே பேரினம், அதே வெள்ளைப் பூ, பால் வடியும் தண்டு. கடித்து எடுத்ததுபோலத் தோன்றும் அதன் செம்மஞ்சள் பழம் நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் கவனம் வேண்டும்.

குறிப்பைப் படித்துவிட்டுக் கார்டினியாவுக்குச் சாம்பல் போட்டவர்கள் கலங்க வேண்டாம். சாடியின் மேல்மண்ணை மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, சாடியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடியால் வடியவிடுங்கள். மழைநீர் கிடைத்தால் சிறப்பு. பிறகு மேலே புதிய தும்புத்தூள் கலவையை இடுங்கள். நுனியிலை ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தால் ஒரு லீற்றர் நீரில் 2 கிராம் இரும்புச் சல்பேற்று கரைத்து, வெயில் சாய்ந்தபின் இலையில் விசிறுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். நிலத்தில் சிந்தினால் சீமெந்துத் தரையில் துருக்கறை படியும், சாடியைப் புல்லில் வைத்துச் செய்யுங்கள். மஞ்சளான பழைய இலை முழுப் பச்சைக்குத் திரும்பாவிட்டாலும் புதிய துளிர் பச்சையாக வரும். அதைப் பார்த்தே முன்னேற்றத்தை அறிய வேண்டும். முதிர்ந்த அடியிலைகள் மஞ்சளானால் இரும்புக் குறைவு அன்று. முழுதும் வெளிறினால் நைதரசன், நரம்பிடை மட்டும் வெளிறினால் மக்னீசியம். இதற்கு இரும்பு விசிறிப் பயனில்லை.

அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடும்போது இரண்டு செடிகளின் படங்களையும் அருகருகே, கணுவும் பூவின் அடிப்பக்கமும் தெரியும்படி போடுமாறும், தமிழ்ப் பெயரோடு தாவரப் பெயரையும் தமிழெழுத்தில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். கண் கழுவும் யோசனையைத் திரும்பப் பெறுவதாகத் தனியே ஒரு வரி கட்டாயம் வேண்டும். இனி வரும் குறிப்புகளில் செடி எதுவென்று ஐயம் எழுந்தால் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. கணு, இலைச்சோடி, மொட்டு, பூ, இருந்தால் காய், எல்லாம் உள்ள ஒரு சாண் கிளையைப் பழைய பத்திரிகைத் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, பால் இருந்ததா இல்லையா என்பதையும் பூவின் நிறத்தையும் சீட்டில் எழுதி அனுப்பினால் அங்குள்ளவர்கள் இனங்காண்பது எளிது. உலர்ந்தபின் அந்த இரண்டும் கிளையில் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.